ஜாடிக்குள் ஒரு மூளை

உல்ரிகே மைன்ஹோஃபின் உடலை 1976 மே மாதம் பெர்லினில் புதைத்தார்கள். மூளையை மட்டும் புதைக்கவில்லை. பிரேதப் பரிசோதனையின்போது எடுக்கப்பட்ட அது, டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஃபார்மலினில் ஊறிக்கொண்டு இருபது வருடம் இருந்தது. தொண்ணூறுகளில் மாக்டபூர்க் நகரத்து மனநல மருத்துவர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. குடும்பத்தாருக்கு எதுவும் தெரியாது. 2002இல் விஷயம் வெளியே வந்து, மகள் சண்டை போட்டு, அந்த டிசம்பரில்தான் மூளையின் சாம்பல் கல்லறைக்கு வந்தது.

மைன்ஹோஃப் மேற்கு ஜெர்மனியின் இடதுசாரி ஆயுதக் குழுவான செம்படைக் குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவர். அதற்கு முன்பு பேர்பெற்ற பத்திரிகையாளர், இரட்டைப் பெண் குழந்தைகளின் தாய், தொலைக்காட்சி விவாதங்களில் தெளிவாகப் பேசியவர். அப்படிப்பட்டவர் எப்படி வங்கிக் கொள்ளைக்கும் குண்டுவெடிப்புக்கும் போனார்? 1962இல் அவருக்கு மூளையில் ஓர் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. விடை அங்கே இருக்கலாம் என்று சில மருத்துவர்கள் நினைத்தார்கள். அதனால்தான் ஜாடி.

அந்த மருத்துவர்களை எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. ஒவ்வொரு குண்டுவெடிப்புக்கு அப்புறமும் நாம் எல்லோரும் தேடுவது அந்த ஜாடியைத்தான். செய்தவனின் குழந்தைப் பருவம் எப்படி, அப்பா அடித்தாரா, காதல் தோல்வியா, தனிமையா என்று குடைகிறோம். அவன் தலைக்குள் ஏதோ ஒரு திருகு கழன்றிருந்தால் நமக்கு நிம்மதி. நம் தலைக்குள் அது கழலவில்லை என்று ஆகிவிடுகிறது அல்லவா.

மைன்ஹோஃப் விஷயத்தில் மூளையைவிட ஒரு ஜன்னல் எனக்கு அதிகம் சொல்கிறது. 1970 மே 14. அந்தக் குழுவின் இன்னொரு நிறுவனரான, அப்போது சிறையில் இருந்த ஆந்திரெயாஸ் பாடரை, புத்தகம் எழுதுவதற்காக என்று சொல்லி, காவலோடு பெர்லினில் ஒரு ஆய்வு நிறுவனத்தின் நூலகத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். மைன்ஹோஃப் அங்கே பத்திரிகையாளராக உட்கார்ந்திருந்தார். கூட்டாளிகள் துப்பாக்கியோடு நுழைந்தார்கள். ஊழியர் ஒருவர் சுடப்பட்டுப் படுகாயமடைந்தார். பாடரும் மற்றவர்களும் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார்கள். திட்டப்படி மைன்ஹோஃப் அங்கேயே நின்று, ஒன்றும் தெரியாதவர்போல நடித்திருக்க வேண்டும் என்று பின்னாளில் சொன்னார்கள். அவரும் குதித்தார். அந்தக் குதிப்போடு பத்திரிகை வாழ்க்கை முடிந்தது. சில நாளில் அவர் படம் போட்ட தேடப்படும் குற்றவாளி சுவரொட்டி நகரமெங்கும். கருத்து அதற்கு முன்பே பல வருடமாக அவரிடம் இருந்தது. அதே கருத்து அன்றைய ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானவர்களிடமும் இருந்தது. அவர்கள் யாரும் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

அரசியல் உளவியலாளர்கள் இதை எழுபதுகளிலிருந்தே மெதுவாகக் கண்டுகொண்டார்கள். பயங்கரவாதிகளிடம் பொதுவாக இருக்கும் மனநோய் எது என்று தேடிப்போனவர்களுக்கு, அப்படி ஒன்று அகப்படவில்லை. அவர்களின் பொதுவான குணமாக எடுப்பாகத் தெரிவது அவர்கள் சாதாரணமாக இருப்பதுதான் என்று மார்த்தா கிரென்ஷா 1981இல் எழுதினார். மார்க் சேஜ்மேன் என்பவர் மனநல மருத்துவர், முன்பு சிஐஏவில் களப்பணியில் இருந்தவர். அவர் 2004இல் 172 ஜிகாதிகளின் வாழ்க்கைக் குறிப்புகளை அலசியபோது, மனநோயும் வறுமையும் பெரிதாகத் தென்படவில்லை. தென்பட்டது நட்பு. பெரும்பாலோர் ஏற்கெனவே இருந்த நண்பர்கள் மூலமாகவே உள்ளே வந்திருந்தார்கள். இன்னொரு பகுதியினர் உறவுக்காரர்கள் மூலமாக. யாரோ வந்து மூளைச்சலவை செய்து தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒரே அறையில் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் மிஞ்சிப் பேசி, கடைசியில் பேச்சிலிருந்து பின்வாங்க முடியாத இடத்துக்கு வந்து சேர்ந்த பையன்கள்.

செப்டம்பர் 11 தாக்குதலின் ஹாம்பர்க் கும்பல் அப்படித்தான். அவர்கள் முதலில் போக நினைத்தது செச்னியாவுக்கு. ஜெர்மனியில் ஒரு ரயில் பயணத்தில் தற்செயலாகச் சந்தித்த ஒருவர் மூலமாகத்தான் ஆப்கானிஸ்தானின் பாதை அவர்களுக்குத் திறந்தது என்று அமெரிக்க விசாரணை ஆணையத்தின் அறிக்கை சொல்கிறது. அந்த ரயிலைத் தவறவிட்டிருந்தால் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது.

சரி, சாதாரண மனிதர்கள் என்றால் முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கே ஒரு பள்ளிக்கூடக் கணக்கு வருகிறது. ஒரு கோடிப் பேர் உள்ள நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நூறு பேர் நிஜமாகவே குண்டு வைக்கக்கூடியவர்கள். நம்மிடம் 99 சதவீதம் சரியாகச் சொல்லும் ஒரு சோதனை இருக்கிறது. (அப்படி ஒரு சோதனை உலகத்தில் எங்கும் கிடையாது, கணக்குக்காகக் கடன் வாங்குகிறேன்.) அது நூறு பேரில் 99 பேரைப் பிடித்துவிடும். நல்லது. ஆனால் மீதி 99,99,900 அப்பாவிகளில் ஒரு சதவீதத்தினரையும், அதாவது 99,999 பேரையும், சேர்த்துப் பிடிக்கும். மொத்தத்தில் மேஜைக்கு வரும் கோப்புகள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அவற்றில் நிஜமானவை 99. ஆயிரம் கோப்புக்கு ஒன்று.

கோப்புகளைப் படிக்க உட்காருபவருக்கு முதல் ஐந்நூறிலும் அநேகமாக ஒன்றும் இருக்காது. ஐந்நூற்று ஒன்றாவதைத் திறக்கும்போது அவருடைய மனம் எந்த நிலையில் இருக்கும்? என்னைக் கேட்டால் இந்தத் துறையின் உண்மையான உளவியல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் தலைக்குள்.

*

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விசாரணை ஆணைய அறிக்கைகள் படிப்பேன். விமானம் ஏன் விழுந்தது, அணை ஏன் உடைந்தது, உளவுத்துறை ஏன் கோட்டைவிட்டது. நாவல்போலப் படிப்பேன். முடிவு தெரிந்தும் ஒவ்வொரு பக்கத்திலும் ‘அந்தக் கடிதத்தைத் திறந்து பாரேன்யா’ என்று மனம் கத்தும். அந்தக் கத்தல்தான் தப்பு என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது. முடிவு தெரிந்தவனுக்கு எந்தக் கடிதம் முக்கியமானது என்று தெரியும். அன்றைக்கு அந்த மேஜையில் இருந்தவருக்கு அது குவியலில் ஒன்று.

இந்த வகையில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது 1973 அக்டோபர். எகிப்தும் சிரியாவும் சேர்ந்து இஸ்ரேலைத் தாக்கிய போர். இது பயங்கரவாதக் கதை அல்ல, ராணுவக் கதை. ஆனாலும் உளவுத்துறை எப்படி யோசிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இஸ்ரேல் ராணுவ உளவுத்துறையிடம் ஒரு கோட்பாடு இருந்தது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயரே ‘கருத்தாக்கம்’ என்பதுதான். இஸ்ரேலின் உள்பகுதியை எட்டித் தாக்கும் விமானங்களும் ஏவுகணைகளும் கிடைக்காமல் எகிப்து போருக்கு வராது. எகிப்து வராமல் சிரியா வராது. இது பைத்தியக்காரத்தனம் அல்ல. எகிப்தின் உச்சிமட்டத்திலிருந்து வந்த நம்பகமான ரகசியத் தகவல்களிலிருந்து கட்டியது. ஒரு காலத்தில் உண்மையாகவும் இருந்தது. எகிப்து அதிபர் அன்வர் சாதாத் இடையில் மனதை மாற்றிக்கொண்டார், கோட்பாடு மாறவில்லை. அவ்வளவுதான்.

அதே வருடம் மே மாதம் போர் வரும் என்று ஒரு பதற்றம் எழுந்தது. ராணுவத் தளபதி தயார்நிலைக்கு உத்தரவிட்டார். உளவுத்துறைத் தலைவர் எலி ஸெய்ரா மட்டும் போர் வராது என்றார். போர் வரவில்லை. பெரும் செலவு வீணானது. ஸெய்ரா சொன்னதே பலித்தது. இந்த மே மாதத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். தப்பாக யோசிக்கும் ஒருவருக்கு நடக்கக்கூடிய மிக மோசமான விஷயம், ஒரு தடவை சரியாகிவிடுவது.

அக்டோபர் முதல் தேதி. தெற்குப் படைப்பிரிவின் உளவுப் பகுதியில் பெஞ்சமின் சிமான் தோவ் என்ற இளம் லெப்டினன்ட் இருந்தார். சூயஸ் கால்வாய்க்கு அக்கரையில் எகிப்து நடத்திக்கொண்டிருந்த பயிற்சியைப் பார்த்துவிட்டு, இது பயிற்சி அல்ல, போருக்கான முகமூடி என்று குறிப்பு எழுதினார். மூன்றாம் தேதி இன்னொன்றும் எழுதினார். மேலதிகாரி அதை மேலே அனுப்பவில்லை. தலைமையகத்தின் மதிப்பீட்டுக்கு எதிராக இருந்தது, அதனால். ஜோர்டான் மன்னர் ஹுசேன் செப்டம்பர் கடைசியில் ரகசியமாக வந்து பிரதமர் கோல்டா மேயரை நேரிலேயே எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். நான்காம் தேதி சோவியத் ஆலோசகர்களின் குடும்பங்கள் எகிப்திலிருந்தும் சிரியாவிலிருந்தும் அவசரமாக வெளியேற ஆரம்பித்தன. இதற்கெல்லாம் ஒவ்வொரு விளக்கம் கிடைத்தது. ஐந்தாம் தேதிகூட உளவுத்துறையின் மதிப்பீடு: போருக்கான வாய்ப்பு குறைவு. ஆறாம் தேதி மதியம் இரண்டு மணி வாக்கில் தாக்குதல் தொடங்கியது. அந்தப் போரில் இஸ்ரேல் 2,600க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. எதிர்ப்பக்கம் இழப்பு அதைவிடப் பல மடங்கு.

தகவல் இல்லாமல் யாரும் அங்கே தோற்கவில்லை. தகவல் வழிந்துகொண்டிருந்தது. வந்த ஒவ்வொன்றும் ஏற்கெனவே இருந்த பதிலுக்குள் மடிந்து உட்கார்ந்துகொண்டது. படை நகர்கிறதா, பயிற்சி. விடுமுறை ரத்தா, அதுவும் பயிற்சியின் பகுதி. பயிற்சி என்ற ஒரு சொல் எத்தனை பாரத்தைச் சுமந்திருக்கிறது பாருங்கள்.

அப்புறம் அமைத்த அக்ரனாத் விசாரணை ஆணையம் பலரை வீட்டுக்கு அனுப்பியது. அதன் தொடர்ச்சியாக உளவுத்துறைக்குள் ஒரு சிறிய பிரிவு பலப்படுத்தப்பட்டது. எல்லோரும் ஒப்புக்கொண்டதை எதிர்த்து வாதாடுவதுதான் அதன் வேலை. அழகான யோசனை. ஆனால் ஓர் அலுவலகத்தில் ஒருவருக்குச் சம்பளமே மறுத்துப் பேசுவதற்குத்தான் என்றால், ஆறு மாதத்தில் மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? ‘அவர் அப்படித்தான் சொல்லுவார், அது அவர் வேலை.’ 1973 போர் தொடங்கி ஐம்பது வருடமும் ஒரு நாளும் கழித்து, 2023 அக்டோபர் 7 அன்று, அதே நாடு மறுபடி எதிர்பாராமல் தாக்கப்பட்டது. அப்போதும் மேஜையில் எச்சரிக்கைகள் இருந்தன.

*

இரண்டாவது கதை எதிர்திசையில் போவது. அங்கே சந்தேகப்பட மறுத்தார்கள். காரணம், ஆசை.

ஹுமாம் அல் பலாவி ஜோர்டான் நாட்டு மருத்துவர். இணையத்தில் புனைபெயரில் ஜிகாதி ஆதரவுக் கட்டுரைகள் எழுதியவர். 2009 ஜனவரியில் ஜோர்டான் உளவுத்துறை பிடித்து விசாரித்தது. மசிந்துவிட்டார் என்று நினைத்தார்கள். பாகிஸ்தானின் எல்லைப் பகுதிக்கு ஒற்றராக அனுப்பினார்கள். சில மாதத்தில் அங்கிருந்து சரக்கு வர ஆரம்பித்தது. அல் காய்தாவின் முக்கியப் புள்ளி ஒருவரோடு தான் இருக்கும் வீடியோ. பிறகு, அந்த அமைப்பின் இரண்டாம் இடத்தில் இருந்த ஜவாஹிரிக்கே தான் வைத்தியம் பார்ப்பதாகச் செய்தி. எட்டு வருடமாக சிஐஏ தேடிக்கொண்டிருந்த கதவு அது. செய்தி வாஷிங்டனின் உச்சிவரை போனது.

2009 டிசம்பர் 30. ஆப்கானிஸ்தானின் கோஸ்த் அருகே சிஐஏவின் தளம். பலாவியை அங்கே முதல்முறையாக நேரில் சந்திக்கப் போகிறார்கள். இவ்வளவு பெரிய ஒற்றரை வாசலில் நிறுத்தித் தடவிப் பார்த்தால் அவமதிப்பாக நினைப்பாரோ என்று கவலை. வந்த கார் ஒரு வாசலிலும் சோதிக்கப்படவில்லை. அவருடைய பிறந்தநாள் சில நாள் முன்பு போயிருந்தது. ஒரு கேக் தயாராக வைத்திருந்தார்கள். வரவேற்க ஒருவரோ இருவரோ வந்திருந்தால் போதும், பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வரிசையாக நின்றார்கள். அவர் காரிலிருந்து இறங்கி வெடித்தார். சிஐஏவைச் சேர்ந்த ஏழு பேரும், அவரைக் கையாண்ட ஜோர்டான் அதிகாரியும், காரை ஓட்டிவந்த ஆப்கானியரும் செத்தார்கள்.

மூன்று வாரம் முன்பே ஜோர்டான் அதிகாரி ஒருவர் இந்த ஆள் மீது சந்தேகம் சொல்லியிருந்தார். அது போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச்சேரவில்லை என்று பிறகு சிஐஏவின் சொந்த விசாரணையே ஒப்புக்கொண்டது.

அந்த கேக்கை என்னால் மறக்க முடியவில்லை. பாதுகாப்பு விதிகளை அறியாத கற்றுக்குட்டிகள் அல்ல அவர்கள்; சிலர் பல வருடம் அல் காய்தாவைப் படிப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர்கள். செப்டம்பர் 11க்கு முன்பிருந்தே அந்த வேலையில் இருந்தவர்களும் உண்டு. ஒரு தடவை கோட்டைவிட்ட குற்ற உணர்ச்சியோடு எட்டு வருடம் காத்திருந்தவருக்கு, கடைசியில் ஒருவன் வந்து, நீங்கள் தேடுபவருக்கு நான்தான் டாக்டர் என்கிறான். நம்பத்தான் தோன்றும். ஒற்றர்கள் ஏன் காட்டிக்கொடுக்கிறார்கள் என்பதற்குப் பணம், கொள்கை, மிரட்டல், அகந்தை என்று நான்கு காரணங்களைப் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். கையாளுகிறவர் ஏன் நம்புகிறார் என்பதற்கும் அப்படி ஒரு பாடம் வேண்டும். முதல் பாடம் ‘காத்திருந்து களைத்தவர்’ என்று இருக்கட்டும்.

*

ஒரு சின்னச் சங்கதி, என் சொந்தக் கணக்கில். ஒரு ரயில் நிலையத்தில் காத்திருந்தபோது எதிர் பெஞ்சுக்குக் கீழே ஒரு பை இருந்தது. பக்கத்தில் யாருமில்லை. முதல் நிமிடம் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது நிமிடம் எழுந்து தள்ளிப்போய் நின்றேன். மூன்றாவது நிமிடத்தில் நான் பையைப் பார்ப்பதை விட்டுவிட்டு நடைமேடையில் இருந்த முகங்களைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். எந்த முகத்தில் போய் நிலைத்தேன், ஏன் அந்த முகத்தில் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த ஆள் தன்பாட்டுக்குக் கைபேசியில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைக்கூட நான் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அழுதிருந்தாலும் சேர்த்திருப்பேன். தண்ணீர் பாட்டிலோடு ஒரு வயதான அம்மா வந்து, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

இதையே நிபுணர்கள் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு மாட்ரிட் கைரேகை இருக்கிறது. 2004 மார்ச் 11 காலை, மாட்ரிட் நகரத்துப் புறநகர் ரயில்கள் நான்கில் பத்து குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டெட்டனேட்டர்கள் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் அரைகுறைக் கைரேகை ஒன்று கிடைத்தது. எஃப்பிஐயின் கணினி ஒத்துப்போகக்கூடிய 20 ரேகைகளைப் பட்டியல் போட்டது. அதில் ஒன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வழக்கறிஞருடையது. மூன்று தேர்ந்த நிபுணர்கள் பார்த்து, அவருடையதேதான் என்றார்கள். ஸ்பெயின் போலீஸ், ஒத்துப்போகவில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. அவர் இஸ்லாத்துக்கு மாறியவர் என்பது பின்னால் தெரியவந்தபோது, அதுவும் மறுபரிசீலனைக்குக் குறுக்கே நின்றிருக்கலாம். மே மாதம் கைது செய்து இரண்டு வாரம் உள்ளே வைத்தார்கள். ஸ்பெயின் போலீஸ் அந்த ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று கண்டுபிடித்துச் சொன்ன பிறகே விட்டார்கள்.

அமெரிக்க நீதித்துறையின் உள்விசாரணை நுணுக்கமான ஒன்றைச் சுட்டிக்காட்டியது. நிபுணர்கள் முதலில் சில புள்ளிகள் ஒத்துப்போவதைப் பார்த்தார்கள். அப்புறம் வழக்கறிஞரின் தெளிவான ரேகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மங்கலான ரேகையில் அதே புள்ளிகளைத் தேடினார்கள். தேடியவை கிடைத்தன. ஒத்துப்போகாத இடங்களுக்கு, பை மடங்கியிருக்கும், ரேகை மேல் ரேகை விழுந்திருக்கும் என்று விளக்கம் கிடைத்தது. மறுபடியும் அந்தப் ‘பயிற்சி’தான்.

அதே மாட்ரிட்டில் அரசியல்வாதிகள் செய்தது வேறு வகை. தேர்தலுக்கு மூன்றே நாள். இராக் போருக்கு ஆதரவு கொடுத்திருந்த அரசு, செய்தது பாஸ்க் பிரிவினைக் குழுவான ஈட்டாதான் என்று அறிவித்தது. நியாயமாகச் சொன்னால், முதல் சில மணி நேரம் அது முட்டாள்தனமான ஊகம் அல்ல. இரண்டு வாரம் முன்புதான் மாட்ரிட்டை நோக்கி வந்த ஈட்டாவின் வெடிமருந்து வண்டி ஒன்று பிடிபட்டிருந்தது. ஆனால் அன்று பகலிலேயே குண்டு வைத்தவர்கள் விட்டுப்போன வேன் அகப்பட்டது. அதில் டெட்டனேட்டர்களும் குர்ஆன் வசனங்கள் பதிவான ஒலிநாடாவும் இருந்தன. அதற்குப் பிறகும் வெளியுறவு அமைச்சகம் தூதர்களுக்கு ஈட்டா என்றே சொல்லச் சொன்னது. அன்றே ஐ.நா. பாதுகாப்பு சபை நிறைவேற்றிய 1530ஆம் எண் தீர்மானத்தில் ஈட்டாவின் பெயர் இருக்கிறது. இன்றும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். மக்கள் தேர்தலில் அரசை மாற்றினார்கள்.

பொய் சொன்னார்களா? சிலர் சொல்லியிருக்கலாம். பெரும்பாலோர் தங்களுக்கு வசதியான பதிலை விட மனசில்லாமல் இருந்தார்கள் என்றே நினைக்கிறேன். பொய்யனை நிரூபணத்தோடு மடக்கலாம். வசதிக்கு நம்புகிறவரை மடக்க முடியாது. அவர் நேர்மையாகவே பேசிக்கொண்டிருப்பார்.

*

உளவுத்துறையின் மதிப்பீடு கடைசியில் ஒரு வாக்கியமாகத்தான் அமைச்சரின் மேஜைக்குப் போகிறது. அந்த வாக்கியத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு ஷெர்மன் கென்ட் கதையைச் சொல்ல வேண்டும். சிஐஏவின் மதிப்பீட்டுக் குழுவில் இருந்த வரலாற்றுப் பேராசிரியர். 1951இல் யூகோஸ்லாவியா மீது சோவியத் தரப்பு படையெடுக்குமா என்ற கேள்விக்கு அவருடைய குழு, அதை ஒரு தீவிரமான சாத்தியமாகக் கருத வேண்டும் என்று எழுதியது. வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் பேச்சுவாக்கில் கேட்டார், தீவிரமான சாத்தியம் என்றால் எவ்வளவு? கென்ட் 65க்கு 35 என்றார். கேட்டவர் திடுக்கிட்டுப்போனார், அவர் அதைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார். கென்டுக்கு உறுத்த ஆரம்பித்தது. தன் குழுவிலேயே ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக விவாதித்து, ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட வாக்கியம் அது. ஒருவர் 20 சதவீதம் என்ற பொருளில் கையெழுத்திட்டிருந்தார். இன்னொருவர் 80.

பத்து வருடம் கழித்து கியூபா படையெடுப்புத் திட்டத்தை அலசிய ராணுவ அதிகாரிகள், வெற்றி வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு என்ற நினைப்பில் ‘ஓரளவு வாய்ப்பு’ என்று எழுதினார்கள். கென்னடியின் காதுக்கு அது ஊக்கமாகக் கேட்டிருக்கும். அந்தப் படையெடுப்பு பன்றிகள் விரிகுடாவில் படுதோல்வியில் முடிந்தது எல்லோருக்கும் தெரியும்.

கென்ட் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சதவீதம் வைக்கலாம் என்று யோசனை சொன்னார். சக ஊழியர்கள் ரசிக்கவில்லை. எண் போட்டுவிட்டால் நாளைக்குத் தப்பு என்று விரல் நீட்டுவார்களே. ‘வாய்ப்பை முற்றிலும் மறுப்பதற்கில்லை’ என்று எழுதினால் நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி. நம் அலுவலகக் கடிதங்களிலும் இந்த மொழி புழங்குகிறது என்பதால் நான் அவர்களை மேலிருந்து பார்க்கவில்லை.

இதில் இன்னொரு அநியாயமும் சேர்ந்திருக்கிறது. 2001 ஜூலை 10 அன்று ஃபீனிக்ஸ் நகரத்து எஃப்பிஐ அதிகாரி ஒருவர், விமானப் பயிற்சிப் பள்ளிகளில் சந்தேகப்படத்தக்க சிலர் படிக்கிறார்கள் என்று தலைமையகத்துக்கு எழுதினார். ஒருவேளை அந்தக் கடிதத்தின்மேல் நடவடிக்கை எடுத்து, செப்டம்பர் 11 நடக்காமலே போயிருந்தால், அந்த அதிகாரியை யாருக்குத் தெரிந்திருக்கும்? விமானப் பள்ளி மாணவர்களைத் தொந்தரவு செய்தவர் என்று ஒரு புகார் வேண்டுமானால் வந்திருக்கும். தடுத்தது கண்ணுக்குத் தெரியாது, தவறவிட்டது மட்டும் தெரியும். அதனால் ஒரு பெரிய தவறுக்கு அப்புறம் எல்லோரும் எதிர்த் தவறின் பக்கம் சாய்கிறார்கள். 2001இல் புள்ளிகளை இணைக்கவில்லை என்று அடிவாங்கியவர்கள் 2002இல் இல்லாத புள்ளிகளையும் சேர்த்து இணைத்தார்கள். ‘கர்வ்பால்’ என்று ரகசியப் பெயரிடப்பட்ட ஓர் இராக்கிய அகதி ஜெர்மன் உளவுத்துறையிடம் சொன்ன நடமாடும் கிருமி ஆயுதக் கூடங்கள், 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. சபையில் இராக்குக்கு எதிரான அமெரிக்காவின் சான்றாக வந்து நின்றன. தான் சொன்னது பொய் என்று அந்த ஆளே 2011இல் ஒப்புக்கொண்டார். அதற்குள் ஒரு போர் நடந்து முடிந்திருந்தது.

*

பயங்கரவாதம் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். நம்மைவிட நன்றாகவே தெரியும். சின்னக் கும்பலால் ஒரு அரசை வீழ்த்த முடியாது. ஆனால் அந்த அரசையே தன் கையால் தன் முகத்தில் அடித்துக்கொள்ள வைக்க முடியும்.

1971 ஆகஸ்ட் 9 விடியற்காலை வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ராணுவம் வீடு வீடாகக் கதவை உடைத்து 342 பேரை விசாரணையின்றி அடைத்துவைக்கப் பிடித்துக்கொண்டு போனது. பிடிபட்டவர்கள் அனைவரும் ஒரே தரப்பு, ஐரிஷ் தேசியவாதிகளின் தரப்பு. பட்டியல் பழையது, பல வருடம் முன்பே ஒதுங்கிவிட்டவர்கள், பெயர் ஒத்துப்போனவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். தேடப்பட்ட ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழுவின் ஆட்களில் பலருக்கு முன்கூட்டியே வாசனை தட்டி நழுவிவிட்டார்கள். நூறு பேருக்கு மேல் இரண்டே நாளில் விடுவிக்கப்பட்டார்கள். வீட்டுக்குத் திரும்பிய அந்த ஆட்களின் தம்பிகளையும் பக்கத்து வீட்டுப் பையன்களையும் நினைத்துப் பாருங்கள். அந்த வருடத்தின் முதல் ஏழு மாதத்தில் செத்தவர்களைப்போலப் பல மடங்கு பேர் மீதி மாதங்களில் செத்தார்கள். 1972, முப்பது வருட மோதலிலேயே மிகக் கொடிய ஆண்டு. ஏறக்குறைய 480 பேர். ஐஆர்ஏவுக்கு இதைவிடத் திறமையான ஆள்சேர்ப்பு அதிகாரி கிடைத்திருக்க முடியாது.

பொதுமக்கள் கணக்கும் ஒன்று உண்டு. செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்கர்கள் விமானத்துக்குப் பயந்து காரில் போக ஆரம்பித்தார்கள். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் அப்படிச் சாலையில் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 1,500 பேர் என்று ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டார். அன்றைக்குக் கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் இருந்த பயணிகளைப்போலப் பல மடங்கு. இவர்களுக்கு நினைவுச்சின்னம் கிடையாது. எந்தச் சாவு அந்தக் கணக்கில் வந்தது என்று அவர்கள் குடும்பத்துக்கே தெரியாது.

*

கென்ட் கதையைப் படித்ததிலிருந்து நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். செய்திகளைப் பார்த்து, இது நடக்கும், இது நடக்காது என்று தோன்றும்போது தேதி போட்டு ஒரு சதவீதம் எழுதிவைப்பேன். போர்நிறுத்தம் நிலைக்குமா, இந்த அரசு கவிழுமா, அந்த மிரட்டல் நிஜமா. யாருக்கும் காட்டுவதில்லை. ‘நிச்சயம்’ என்று வாயால் சொல்லும் விஷயங்களுக்குப் பேனா எடுத்தால் 70க்கு மேல் கை போவதில்லை என்பதே முதல் ஆச்சரியம்.

போன மாதம் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஒரு விஷயத்துக்கு 85 போட்டிருந்தேன், கொஞ்சம் அழுத்தமாகவே. அது நடக்கவில்லை. பக்கத்தில் ஓரத்தில், வேறொரு நாளில், வேறொரு மையில், என் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு இருந்தது. எப்போது எழுதினேன் என்று நினைவில்லை.

‘கிட்டத்தட்ட நடந்தது.’